நாலு வயதுப் பிள்ளைக்கு 23-பி

மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கும், மலிவுக் கட்டண விமானங்களை நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

பேராக், சுங்கை சிப்புட்டில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். போட்டோகாப்பி, பாஸ்போர்ட் படம், டாப்-அப், அதோடு விமான டிக்கெட். சோறு போடுவது முதல் மூன்றும்தான். ஆனால் ஊரில் என்னைத் தெரிவது நாலாவதால். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து 'ஊருக்கு'ப் போகிறவர்கள் என்னிடம்தான் வருவார்கள். ஊர் என்றால் எங்களுக்குத் திருச்சி, நாமக்கல், புதுக்கோட்டைப் பக்கம். மூன்று தலைமுறை இங்கேயே பிறந்து வளர்ந்தாலும் அதற்குப் பெயர் ஊர்தான். காதுகுத்து, குலதெய்வப் பொங்கல், நோய்வாய்ப்பட்ட பெரியப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவது என்று ஆளுக்கொரு காரணம். பாட்டியும் பேரப்பிள்ளைகளுமாக வருவார்கள், ஒரு பிளாஸ்டிக் பையில் எல்லார் பாஸ்போர்ட்டையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டு.

டிக்கெட் போடும்போது எல்லாரும் கடைசியில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளைங்க எங்ககூடத்தானேம்மா உக்காருவாங்க?"

இந்த மடலை எழுதுவது அந்தக் கேள்விக்காக. பத்து வருஷமாக அதற்கு நேராக ஒரு பதில் சொல்ல என்னால் முடியவில்லை. "காசு கட்டினால் உட்காரலாம், கட்டாவிட்டால் அதிர்ஷ்டம்" என்பதுதான் உண்மையான பதில். அதைச் சொன்னால் எதிரில் இருக்கிறவர் என்னையே ஏதோ ஏமாற்றுக்காரி போலப் பார்க்கிறார்.

என் சொந்த அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். மகளுக்குக் காது குத்தப் போன பயணம் அது. நான், மாமியார், எட்டு வயது மகன், நாலு வயது மகள். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், அவருக்கு லீவு கிடைக்கவில்லை. விமானம் எது என்று சொல்லப் போவதில்லை, எதுவாக இருந்தாலும் கதை இதுதான். ஊருக்கே டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவள், தன் டிக்கெட்டில் இருக்கைக் கட்டணம் கட்டவில்லை. கஞ்சத்தனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேரும் ஒரே முன்பதிவு, அதில் இரண்டு குழந்தைகள் என்று கணினிக்குத் தெரியும்தானே, எங்கே பிரித்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

சிப்பாங் விமான நிலையத்தில் இயந்திரம் நாலு சீட்டைத் துப்பியது. எனக்கு 8-சி. மகனுக்கு 17-இ. மாமியாருக்கு 28-டி. மகளுக்கு 23-பி.

கவுண்டரில் இருந்த பெண் நல்லவள்தான். "விமானம் நிறைந்துவிட்டது அக்கா, உள்ளே போய்ப் பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள்" என்றாள். உள்ளே போனால் பணிப்பெண், "எல்லாரும் உட்காரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றாள். எல்லாரும் உட்கார்ந்த பிறகு பார்த்தால், எழுந்திருக்க ஒருவருக்கும் மனமில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 23-ஏயில் இருந்த பெரியவர் ஜன்னலுக்குக் காசு கட்டியிருந்தார். என் பக்கத்தில் 8-பியில் இருந்த அம்மாளுக்கு மூட்டுவலி. கால் நீட்ட முன்வரிசை வேண்டும் என்று காசு கட்டிப் பார்த்து, அது கிடைக்காமல், கிடைத்ததில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய் 23-க்கு நடங்கள் என்று எந்த வாயால் கேட்பேன்?

மகள் 23-பியில் இரண்டு ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கால் இருக்கையின் விளிம்பைக்கூடத் தாண்டவில்லை. ஒரு ஷூ கழன்று முன் இருக்கைக்கு அடியில் போய்விட்டது. கையில் மைலோ பாக்கெட், உறிஞ்சுகுழல் போடாதது. அழவில்லை. அழுதிருந்தால் யாராவது சீக்கிரம் எழுந்திருப்பார்கள். அவள் வரிசைகளின் மேலே தெரியும் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் நடைபாதையில்தான் நிற்கிறேன், ஆனால் பெட்டியைத் தூக்கி வைக்கிறவர்கள் நடுவில் மறைக்கிறார்கள்.

கடைசியில் 23-சியில் இருந்த பையன் எழுந்தான். கோலாலம்பூரில் ஓர் உணவகத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு முதல் தடவையாக வீட்டுக்குப் போகிறவன். மடியில் ஒரு பெரிய பொம்மைக் கார், பெட்டியில் அடங்காததால் கையிலேயே வைத்திருந்தான். "நீங்க இங்க உக்காருங்கக்கா, எனக்கு எங்க உக்காந்தாலும் திருச்சிதான்" என்று சொல்லிவிட்டு 8-சிக்குப் போனான். அவனுக்கு நன்றி சொன்னேனா என்றுகூட இப்போது நினைவில்லை.

அதோடு முடிந்ததா? மகன் 17-இயில். நாலு மணி நேரத்தில் பக்கத்துப் பாட்டி கொடுத்த முறுக்கையெல்லாம் தின்றுவிட்டு, இறங்கும்போது காது வலி என்று யாரோ ஒருவர் தோளில் சாய்ந்திருக்கிறான். மாமியார் 28-டியில். அவர் பால்மரம் சீவியவர், விடியற்காலை இருட்டில் காட்டுக்குள் தனியாகப் போனவர், பயந்த ஆள் இல்லை. ஆனால் இடுப்பு வாரை எப்படிக் கழற்றுவது, கழிவறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, திருச்சி வரைக்கும் அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதை எனக்குச் சொன்னது இரண்டு நாள் கழித்து, ஊரில், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில்.

சரி, இருக்கையே ஒதுக்காமல் விமானம் ஓடிய காலமும் எனக்குத் தெரியும். 2007-இல் எல்சிசிடி என்ற பழைய மலிவு விமான முனையத்திலிருந்து கோத்தா கினபாலுவுக்கு அக்கா குடும்பத்தோடு போனேன். அப்போது மலிவு விமானத்தில் யார் முதலில் ஏறுகிறாரோ அவருக்கு இடம். கதவு திறந்ததும் தம்பியை முன்னால் ஓடவிட்டோம். அவன் வெயிலில் தார்த்தரையில் ஓடி, படியேறி, நாலு இருக்கையில் துண்டு, தொப்பி, டூரியான் வேஃபர் பை என்று கையில் இருந்ததையெல்லாம் போட்டு இடம் பிடித்துவிட்டான். பணிப்பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. துண்டு போட்டு இடம் பிடிப்பது நமக்கென்ன புதிதா? தைப்பூசத்துக்குப் பஸ்ஸில் போனவர்களைக் கேளுங்கள். அங்கே சண்டையும் உண்டு. ஆனால் கைப்பிள்ளைக்காரி ஏறினால் துண்டு தானாக எடுக்கப்படும். எழுதாத சட்டம் அது.

என் தம்பி இப்போது அமெரிக்காவில், டெக்சஸில் இருக்கிறான். அந்த ஊர் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் ஐம்பது வருஷத்துக்கு மேல் இதே முறையில் ஓடியது. ஏ, பி, சி என்று மூன்று கூட்டம், ஒவ்வொன்றிலும் 60 வரை எண், வரிசையில் நின்று ஏறி, பிடித்த இடத்தில் உட்கார வேண்டியது. அங்கேயும் பையை வைத்து இடம் பிடித்து, அதனால் சண்டை. நம் துண்டு அங்கே ஜாக்கெட், அவ்வளவுதான். ஆனால் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. ஆறு வயது வரையுள்ள பிள்ளையோடு வரும் பெற்றோரை ஏ கூட்டம் ஏறியதும், பி கூட்டத்துக்கு முன்னால் விட்டுவிடுவார்கள். அதற்குத் தனிக் காசு கிடையாது. பின்பக்கமாகப் போனால் மூன்று இருக்கை சேர்ந்தாற்போல் கிடைத்துவிடும் என்பான் தம்பி. ஏழு வயதுப் பிள்ளைக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான், அதுவும் உண்மை. அந்த முறையை 2026 ஜனவரி 27-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது அங்கேயும் எண் போட்ட இருக்கைதான். ஐரோப்பாவில் இது முன்னமே நடந்தது. ஈஸிஜெட் 2012-இல் மாறியது, ரயன்ஏர் 2014-இல்.

பழைய முறை திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மூட்டுவலிக்காரர் தார்த்தரையில் ஓட முடியுமா? எனக்குப் படுவது வேறொன்று. இடம் யாருக்கும் சொந்தமில்லாதபோது, அது வெறும் இடம். கேட்டால் நகர்ந்து உட்காருவார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விலை எழுதி ஒட்டியபின், நகர்கிறவர் தன் காசை விட்டுக்கொடுக்கிறார். ஆக, குழந்தைக்கும் தாய்க்கும் நடுவில் பதினைந்து வரிசையை வைத்தது கணினி, அதைச் சரிசெய்யும் பொறுப்பு மட்டும் காசு கட்டிய அந்நியர் தலையில். மூன்று வருஷம் கழித்து வீட்டுக்குப் போகிற பையன் தலையில்.

என் தாத்தா ராஜுலா கப்பலில் வந்தவர். நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கினார். மேல்தளப் பயணிக்கு இருக்கையும் கிடையாது, கட்டிலும் கிடையாது, பாய்தான். ஆயிரக்கணக்கான பேர் நெருக்கியடித்துப் படுத்துக் கிடந்த தளம். நாற்றம், வாந்தி, குடிதண்ணீருக்கு வரிசை. அதைப் பெருமையாகப் பேச ஒன்றுமில்லை. ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு பாய் என்றுதான் தாத்தா சொல்வார். கப்பல்காரன் வந்து பிள்ளையின் பாயை மட்டும் சுருட்டிக் கப்பலின் பின்பக்கம் கொண்டுபோய் விரித்ததாக அவர் கதையில் எங்கேயும் வராது.

விமான நிறுவனங்கள் சொல்லும் நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. கட்டணம் குறைவாக இருப்பதே இப்படிச் சில்லறையாக வாங்குவதால்தான். பெட்டிக்குத் தனி, சாப்பாட்டுக்குத் தனி, இருக்கைக்குத் தனி. 2001-இல் டோனி பெர்னாண்டஸ் குழுவினர் ஒரு வெள்ளிக்கு, அதாவது ஒரு ரிங்கிட்டுக்கு, ஏர் ஆசியாவை வாங்கி, இரண்டே விமானத்தோடு தொடங்கினார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் தோட்டத்து ஜனங்கள் விமானத்தில் ஏறினார்கள். நன்றி மறக்கவில்லை. பெட்டி வேண்டாம் என்றால் நான் பெட்டி இல்லாமல் போகிறேன். சாப்பாடு வேண்டாம் என்றால் புளிச்சோறு கட்டிக்கொண்டு போகிறேன். நாலு வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் நான் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத ஒன்றை 'விருப்பச் சேவை' என்று விற்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நம் விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகள் 2016-இலிருந்து இருக்கின்றன. கூடுதல் சேவை எதையும் பயணி தானாகத் தேர்ந்தெடுத்தால் ஒழியக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. நல்ல விதி. இரண்டு மணி நேரம் தாமதமானால் சாப்பாடு, ஐந்து மணி நேரம் தாமதமானால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்றும் இருக்கிறது. அதை எழுதிக் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். தேடிப் பார்த்ததில் குழந்தையின் இருக்கை பற்றி ஒட்டுவதற்கு மட்டும் ஒரு வரி என் கண்ணில் படவில்லை.

எவ்வளவு காசு என்று கேட்பீர்கள். போன மாதம் ஒரு குடும்பம் வந்தது. செம்பனைத் தோட்டத்தில் வேலை, கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். நாலு பேருக்கும் போக வர எட்டு இருக்கை, இருநூறு வெள்ளிக்கு மேல் காட்டியது. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் இருநூறு என்ன என்று உங்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. எங்கள் சுங்கை சிப்புட், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது அவர் 1960-இல் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிக்க, தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். சில்லறையின் கனம் இங்கே எல்லாருக்கும் தெரியும். அந்த மனிதர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "சின்னவனுக்கும் அவன் அம்மாவுக்கும் மட்டும் போடுங்க, நானும் பெரியவனும் எங்கயாச்சும் உக்காந்துக்கறோம்" என்றார். பெரியவனுக்கு ஒன்பது வயது. கூட வந்திருந்தான். தலையை ஆட்டினான்.

இதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்றால் அந்தப் படிவத்தை நிரப்புகிறவள் நான். குழந்தையின் பிறந்த தேதி போடாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது. இரண்டு வயதுக்குக் கீழே என்றால் மடியில், அதற்கு மேல் என்றால் தனி இருக்கை என்று கணினியே பிரித்துக்கொள்கிறது. அவசர வழி வரிசையில் குழந்தையைப் போட்டுப் பாருங்கள், உடனே முடியாது என்று சிவப்பாகக் காட்டும். குழந்தை எங்கே உட்காரக் கூடாது என்று தெரிந்த கணினிக்கு, எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லித்தர எவ்வளவு நேரம் ஆகும்?

அவசர வழி என்றதும் இன்னொன்று. புதிய ரக விமானத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது, பாதி வாசல்களை மட்டும் வைத்துக்கொண்டு 90 விநாடிக்குள் எல்லாரையும் வெளியேற்ற முடியும் என்று காட்ட வேண்டும். அந்த 90 விநாடியில் 8-ஆம் வரிசையில் இருக்கும் தாய் முன்வாசல் பக்கம் ஓடுவாளா, 23-ஆம் வரிசைக்கு ஓடுவாளா? கூட்டத்துக்கு எதிராகத்தான் ஓடுவாள், இதைச் சொல்ல எந்த ஆய்வும் வேண்டாம். மேலே இருந்து முகமூடி விழுந்தால் முதலில் நீங்கள் போட்டுக்கொண்டு பிறகு குழந்தைக்குப் போடுங்கள் என்று ஒவ்வொரு பயணத்திலும் கைகாட்டிச் சொல்கிறீர்கள். எந்தக் குழந்தைக்கு? பதினைந்து வரிசை தள்ளி இருக்கிற குழந்தைக்கா?

மற்ற நாடுகள் இதை எழுதியே வைத்துவிட்டன. கனடாவில் 2019 டிசம்பரிலிருந்து விதி இருக்கிறது. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்கு அடுத்த இருக்கை. ஐந்திலிருந்து பதினொன்று வரை அதே வரிசை, நடுவில் ஓர் இருக்கைக்கு மேல் இடைவெளி கூடாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு ஒரு வரிசைக்கு மேல் தள்ளக் கூடாது. இதற்குக் காசு வாங்கக் கூடாது. அமெரிக்காவில் பதின்மூன்று வயது வரைக்கும் இப்படிச் செய்ய 2024 ஆகஸ்டில் ஒரு விதி முன்மொழிந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 2024 ஏப்ரலில் இந்தியாவின் விமானத் துறை இயக்குநரகம், ஒரே முன்பதிவில் வரும் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தையைப் பெற்றோரிலோ கூட வருகிறவர்களிலோ ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார வைக்கும்படி தன் நாட்டு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் பினாங்கிலிருந்து இண்டிகோ சென்னைக்கு நேரடியாக ஓடத் தொடங்கியபிறகு, எங்கள் பக்கத்து ஜனங்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதே கடல், அதே நாலு மணி நேரம். நம் விமானத்துக்கு மட்டும் ஏன் அந்த விதி இல்லை என்று என்னைக் கேட்கிறார்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பக்கத்தில், அதே முன்பதிவில் உள்ள பெரியவர் ஒருவர். ஒருவர் போதும், மொத்தக் குடும்பமும் சேர்ந்து உட்கார வேண்டும் என்று கேட்கவில்லை. ஜன்னலும் வேண்டாம், முன்வரிசையும் வேண்டாம், கழிவறைக்குப் பக்கத்துக் கடைசி வரிசையானாலும் சரி. ஆனால் அது டிக்கெட் போடும்போதே திரையில் தெரிய வேண்டும். வாசலில், விமானத்துக்குள், யாராவது மனமிரங்கி எழுந்திருக்கட்டும் என்று விடக் கூடாது. என் மாமியார் போலத் தனியாக விட முடியாத முதியவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளோடு வருகிறவர்களுக்கும் இதே விதி பொருந்தினால் நல்லது. முதலில் பிள்ளைகளுக்காவது செய்யுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டணம் கட்ட வசதி இருந்தும் கட்டாமல், ஏறிய பிறகு கைக்குழந்தையைக் காட்டி முன்வரிசைக்காரரை எழுப்புகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். என் கடையில் டிக்கெட் போட்டவர்களிலேயே உண்டு. "கேட்டா கொடுப்பாங்கம்மா" என்று சிரிப்பார்கள். விதி வந்தால் அந்தச் சிரிப்புக்கும் வேலை இருக்காது.

விமானப் பயனீட்டாளர் பொறுப்பு முன்பு மாவ்காம் என்ற தனி ஆணையத்திடம் இருந்தது. 2025 ஆகஸ்டு 1-ஆம் தேதியிலிருந்து அது சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான உங்களிடம் வந்திருக்கிறது. விமானத்தின் பாதுகாப்பும் பயணியின் உரிமையும் ஒரே மேசைக்கு வந்துவிட்டதால், இது யாருடைய வேலை என்று இனி கோப்பு அலைய வேண்டியதில்லை.

ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறைக்கு டிக்கெட் கேட்டு இப்போதே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நாளைக் காலை ஒரு பாட்டி வருகிறார், மூன்று பேரப்பிள்ளைகளோடு, திருச்சிக்கு. கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்பார்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டில் டிக்கெட் போடுகிற ஒரு தாய்